லினக்ஸ் கணினி வழியாக இணையத்தைப் பகிர்தல்: பாக்கெட் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

நடுவில் இருக்கும் லினக்ஸ் கணினியில் இணையம் நன்றாக வருகிறது. அதன் பின்னால் கேபிளில் இணைத்த கணினியில் மட்டும் எதுவும் திறப்பதில்லை. இணையப் பகிர்வு பற்றி வரும் கேள்விகளில் பெரும்பாலானவை இப்படித்தான் தொடங்குகின்றன. கிடைத்த கட்டளைகளை ஒட்டிப் பார்ப்பது, வேலை செய்யவில்லை என்றால் மேலும் நாலு விதிகளைச் சேர்ப்பது என்று போனால், கொஞ்ச நேரத்தில் எந்த விதி எதற்காக இருக்கிறது என்றே தெரியாமல் போகும்.

பகிர்வு என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே நான்கு தனித்தனி வேலைகள் நடக்கின்றன. ஒரு இடைமுகத்தில் (கேபிள் போர்ட், வைஃபை அட்டை போன்ற நெட்வொர்க் வாயில்) வந்த பாக்கெட்டை (தரவின் சிறு துண்டு) இன்னொரு இடைமுகத்துக்குக் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) கடத்த வேண்டும். வெளியே போகும் பாக்கெட்டின் அனுப்புநர் முகவரியை நாட் என்ற முகவரி மாற்று முறை மாற்ற வேண்டும். பாக்கெட்டுகளை வடிகட்டும் ஃபயர்வால் அந்தக் கடத்தலுக்கு வழிவிட வேண்டும். பின்னால் இருக்கும் கருவிகளுக்கு முகவரியும், தளத்தின் பெயரை முகவரியாக்கும் டிஎன்எஸ் விடையும் கிடைக்க வேண்டும். இந்த நான்கில் எது நின்றாலும் பயனர் சொல்வது "நெட் வரலை" என்பது மட்டுமே. அதனால் ஒவ்வொன்றையும் தனியாகப் பொருத்தி, சோதித்துவிட்டு, அடுத்ததுக்குப் போவதுதான் விரைவான வழி. மெதுவானதாகத் தோன்றும், ஆனால் அப்படி இல்லை.

இரண்டு பக்கமும் வெவ்வேறு முகவரித் தொகுதி

இணையம் வரும் இடைமுகத்தை வெளிப்பக்கம் என்றும், மற்ற கருவிகள் இணையும் இடைமுகத்தை உள்பக்கம் என்றும் வைத்துக்கொள்வோம். வெளிப்பக்கம் வைஃபையாகவோ, மோடத்திலிருந்து வரும் கேபிளாகவோ, யூஎஸ்பி வழியாக இணைத்த கைபேசியாகவோ இருக்கலாம். உள்பக்கத்துக்கு ஒரு ஈதர்நெட் போர்ட் போதும். பல கணினிகள் என்றால் அதில் ஒரு ஸ்விட்ச். கிகாபிட் போர்ட்டுகள் கேபிளின் குறுக்கு இணைப்பைத் தாமே சரிசெய்துகொள்ளும் என்பதால் இரண்டு கணினிகளை நேரடியாக இணைக்கவும் சாதாரணக் கேபிளே போதும். யூஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர் வாங்குவதானால் யூஎஸ்பி 3 வகையாகவே வாங்குங்கள். யூஎஸ்பி 2 இன் உச்ச வேகமே 480 மெகாபிட்தான், நடைமுறையில் கிடைப்பது அதைவிடக் கணிசமாகக் குறைவு.

இடைமுகங்களின் பெயரை முதலில் "ஐபி லிங்க்" கட்டளையில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய வழிகாட்டிகளில் வரும் ஈதிஎச்0, ஈதிஎச்1 என்ற பெயர்கள் இன்றைய லினக்ஸ் பகிர்மானங்களில் (டெபியன், உபுண்டு போன்ற தொகுப்புகள்) பெரும்பாலும் இருக்காது. பலகையில் உள்ள போர்ட்டுக்கு ஈஎன்பி3எஸ்0 போன்ற பெயர் வரும். யூஎஸ்பி அடாப்டருக்கு ஈஎன்எக்ஸ் என்று தொடங்கி அதன் மேக் முகவரியே (வன்பொருளின் அடையாள எண்) பெயராக வரும். சில கைபேசிகள் ஒவ்வொரு முறை பகிர்வை இயக்கும்போதும் புது மேக் முகவரியைக் காட்டும். அப்போது இடைமுகத்தின் பெயரும் மாறி, நேற்று வேலை செய்த விதி இன்று எதன்மீதும் பொருந்தாமல் நிற்கும்.

முகவரிக்கு வருவோம். தனியார் நெட்வொர்க்குகளுக்கென ஒதுக்கிய தொகுதிகள் மூன்று: 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16. சாய்கோட்டுக்குப் பின் வரும் எண், முகவரியின் முன்பகுதியில் எத்தனை பிட் நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்பது. உள்பக்கத்துக்கு இவற்றில் ஒரு சிறு துண்டு போதும். ஒரே நிபந்தனை, அது வெளிப்பக்கத்தில் இருக்கும் தொகுதியோடு மோதக் கூடாது. வெளியே மோடம் 192.168.1.0/24 கொடுக்கும்போது உள்ளேயும் அதையே வைத்தால், 192.168.1.20 எந்தப் பக்கம் இருக்கிறது என்று கர்னலால் முடிவுசெய்ய முடியாது. மோடம்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் 192.168.0, 192.168.1 இரண்டையும் விட்டுவிட்டு 192.168.50.0/24 போல ஒன்றை எடுங்கள். நடுக்கணினியின் உள்பக்க முகவரி 192.168.50.1 என்று நிலையாக இருக்கட்டும்.

இந்த இடத்தில்தான் மிகப் பரவலான பிழை நடக்கிறது. உள்பக்க இடைமுகத்துக்கு முகவரி கொடுக்கும் படிவத்தில் கேட்வே (வெளியே போகும் வழி) என்று ஒரு கட்டம் இருக்கும். அதைக் காலியாக விடுங்கள். அங்கே எதையாவது நிரப்பினால் நடுக்கணினிக்கு இரண்டு இயல்புநிலைப் பாதைகள் உருவாகும். மெட்ரிக் என்ற முன்னுரிமை எண் குறைந்த பாதையைக் கர்னல் தேர்ந்தெடுக்கும். நெட்வொர்க்மேனேஜர் என்ற இணைப்பு மேலாண்மைச் சேவை கேபிளுக்கு வைஃபையைவிடக் குறைந்த எண் கொடுப்பதால், உள்பக்கக் கேபிளைச் செருகியவுடன் நடுக்கணினியின் இணையமே போய்விடும். கேபிளைப் பிடுங்கினால் திரும்பி வரும். இந்த அறிகுறியைக் கண்டால் வேறெதையும் தேடாமல் "ஐபி ரூட்" கட்டளையில் டிஃபால்ட் என்று தொடங்கும் வரிகள் எத்தனை என்று பாருங்கள். ஒன்று மட்டுமே இருக்க வேண்டும், அது வெளிப்பக்கமாக இருக்க வேண்டும்.

நெட்வொர்க்மேனேஜரே போதுமான இடம்

மேசைக்கணினிக்கான பகிர்மானம் என்றால், கையால் எதுவும் எழுதும் முன் இதை முயலுங்கள். உள்பக்க இணைப்பின் அமைப்பில் ஐபிவி4 பிரிவில், "பிற கணினிகளுடன் பகிர்" என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். டெர்மினலில் என்எம்சிஎல்ஐ வழியாகச் செய்தால் ஐபிவி4.மெத்தட் என்பதற்கு ஷேர்டு என்ற மதிப்பு. இணைப்பை ஒருமுறை இறக்கி ஏற்றினால் உள்பக்கத்துக்கு 10.42.0.1/24 முகவரி வந்துவிடும். கடத்தல், நாட், டிஎச்சிபி (கருவிகளுக்கு முகவரி வழங்கும் முறை), டிஎன்எஸ் நான்கையும் அதுவே பார்த்துக்கொள்ளும். முகவரித் தொகுதி வேறாக வேண்டுமானால் அதே இணைப்பில் நீங்களே ஒரு முகவரியைக் கொடுக்கலாம்.

இதில் ஒரு நல்ல வசதி உண்டு. நெட்வொர்க்மேனேஜர் எழுதும் நாட் விதி வெளிப்பக்க இடைமுகத்தின் பெயரைப் பார்ப்பதில்லை. உள்பக்கத் தொகுதியிலிருந்து வெளியே போகும் எல்லாவற்றுக்கும் பொருந்தும். வைஃபை போய்க் கைபேசி இணைப்புக்கு மாறினாலும் பகிர்வு தொடரும்.

தவறுவது எங்கே என்றால், இது டிஎச்சிபி, டிஎன்எஸ் இரண்டையும் வழங்கும் டிஎன்எஸ்மாஸ்க் நிரலைத் தன் பிடியில் தனியாக இயக்குகிறது. கணினியில் டிஎன்எஸ்மாஸ்க் ஏற்கெனவே ஒரு முழுச் சேவையாக ஓடிக்கொண்டிருந்தால் இரண்டும் 53, 67 ஆம் போர்ட்டுகளுக்கு மோதிக்கொள்ளும். இணைப்பு ஏறாமலே விழும். டெபியன், உபுண்டுவில் இதற்கு டிஎன்எஸ்மாஸ்க்-பேஸ் என்ற பொதி மட்டும் போதும், சேவையுடன் வரும் பெரிய பொதி வேண்டாம். ஏற்கெனவே நிறுவியிருந்தால் அந்தச் சேவையை நிறுத்தி முடக்குங்கள்.

எப்போதும் ஓடும் ஒரு பெட்டியை ரவுட்டராக வைக்கப் போகிறீர்கள், விதிகள் உங்கள் கையில் இருக்க வேண்டும் என்றால் மேலே படியுங்கள்.

கடத்தல், நாட், அனுமதி

லினக்ஸ் இயல்பாகத் தனக்கு வராத பாக்கெட்டைக் கடத்தாது, எறிந்துவிடும். ப்ராக் அடைவில் சிஸ், நெட், ஐபிவி4 என்று இறங்கினால் ஐபி_ஃபார்வர்டு என்ற கோப்பு இருக்கிறது. அதில் 0 இருந்தால் கடத்தல் இல்லை, 1 இருந்தால் உண்டு. சிஸ்சிடிஎல் கட்டளையில் 1 ஆக்கினால் உடனே நடைமுறைக்கு வரும். மறுதொடக்கம் செய்தால் போய்விடும். நிலைக்க வேண்டுமானால் ஈடிசி அடைவில் சிஸ்சிடிஎல்.டி என்பதன் கீழ் ஒரு கோப்பு எழுத வேண்டும். அந்தக் கோப்பின் பெயர் .கான்ஃப் என்று முடியாவிட்டால் அது படிக்கப்படாது, எச்சரிக்கையும் வராது. பெயரின் அகர வரிசையில் பின்னால் வரும் கோப்பு முன்னதை மேலெழுதும் என்பதால் 99 என்று பெயரைத் தொடங்குவது வழக்கம். இன்னொன்று: இந்த மதிப்பை மாற்றும்போது ஐபிவி4 இன் வேறு சில அமைப்புகளும் இயல்புநிலைக்குத் திரும்பிவிடும். கோப்பில் இந்த வரியை முதலில் எழுதிவிட்டு மற்றவற்றை அதன்பின் எழுதுங்கள்.

அடுத்தது நாட். உள்ளே 192.168.50.20 அனுப்பும் பாக்கெட்டை அப்படியே வெளியே விட்டால் பதில் திரும்பாது, ஏனென்றால் அந்த முகவரிக்கு எப்படி வருவது என்று வெளியே யாருக்கும் தெரியாது. நாட் அட்டவணையின் போஸ்ட்ரூட்டிங் சங்கிலியில் (பாக்கெட் வெளியேறும் முன் பார்க்கப்படும் விதி வரிசை), வெளிப்பக்க இடைமுகம் வழியாகப் போகும் பாக்கெட்டுக்கு மாஸ்கரேடு (அந்த இடைமுகத்தின் தற்போதைய முகவரியை அனுப்புநராக வை) என்று ஒரே ஒரு விதி போதும். வெளிப்பக்க முகவரி மாறக்கூடியது என்றால் மாஸ்கரேடுதான் சரி. இடைமுகம் விழுந்தால் பழைய இணைப்புகளின் பதிவையும் அது துடைத்துவிடும். நிலையான முகவரி இருந்தால் எஸ்நாட் (குறிப்பிட்ட ஒரு முகவரியாக மாற்று) போடலாம். இந்த விதியில் இடைமுகத்தின் பெயரைச் சொல்ல மறந்து எல்லாவற்றுக்கும் மாஸ்கரேடு போட்டுவிடுகிறவர்கள் உண்டு. அப்போது வெளியிலிருந்து உள்ளே வரும் இணைப்புகளும் நடுக்கணினியிலிருந்து வந்தவைபோலத் தெரியும், உள்ளே இருக்கும் சர்வரின் பதிவேட்டில் எல்லாரும் 192.168.50.1 ஆகிவிடுவார்கள்.

ஃபயர்வால், நாட் விதிகளை எழுத என்எஃப்டேபிள்ஸ், பழைய ஐபிடேபிள்ஸ் என இரண்டு கருவிகள் உண்டு. என்எஃப்டேபிள்ஸ் பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க: இடைமுகத்தைக் குறிக்க அதில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஓஐஎஃப் என்பது விதியை ஏற்றும் நொடியில் இடைமுகத்தின் எண்ணைத் தேடிப் பிடிக்கும். அப்போது அந்த இடைமுகம் இல்லை என்றால் கோப்பு முழுவதுமே ஏறாது. ஓஐஎஃப்நேம் என்பது பெயரை மட்டும் ஒப்பிடும். யூஎஸ்பி அடாப்டர், கைபேசி, பிபிபி போன்று வந்து போகும் இடைமுகங்களுக்குப் பின்னதையே எழுதுங்கள்.

மூன்றாவது, கடந்து போகும் பாக்கெட்டுகளைப் பார்க்கும் ஃபார்வர்டு சங்கிலி. இயல்புக் கொள்கை டிராப் (எறி) என்று வைத்து இரண்டு விதிகள் எழுதினால் போதும்: ஏற்கெனவே தொடங்கிய இணைப்பைச் சேர்ந்த பாக்கெட்டுகளை ஏற்றுக்கொள், உள்பக்கம் நுழைந்து வெளிப்பக்கம் போகிறவற்றை ஏற்றுக்கொள். கொள்கையை அக்செப்ட் (ஏற்றுக்கொள்) என்று விட்டுவிட்டு "நாட் இருக்கிறதே, அதுவே பாதுகாப்பு" என்று நினைப்பது சரியல்ல. நாட் முகவரியை மாற்றுகிறது, யாரையும் தடுப்பதில்லை. வெளிப்பக்க நெட்வொர்க்கில் அருகில் இருக்கும் ஒரு கணினி, உங்கள் நடுக்கணினியைக் கேட்வேயாகக் காட்டி 192.168.50.0/24 க்குப் பாதை எழுதிக்கொண்டால் நேராக உள்ளே வரலாம். விடுதி, அலுவலகம் போன்ற பொது நெட்வொர்க்கில் வெளிப்பக்கம் இருக்கும்போது இது வெறும் ஏட்டளவு அபாயம் அல்ல.

யூஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் கருவி ஓடும் கணினியில் ஃபார்வர்டு கொள்கை தொடக்கத்திலேயே டிராப்தான். அங்கே உள்ளே-வெளியே இடைமுகங்களைச் சொல்லி "ரூட் அலவ்" விதி எழுத வேண்டும்; நாட் விதியை அதன் பிஃபோர்.ரூல்ஸ் கோப்பில் சேர்க்க வேண்டும்.

டாக்கர் (நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி) இருக்கும் கணினி தனிக் கதை. டாக்கர் தொடங்கும்போது ஃபார்வர்டு சங்கிலியின் கொள்கையை டிராப் ஆக்கிவிடுவது உண்டு. நேற்றுவரை ஓடிய பகிர்வு, டாக்கரை நிறுவிய நாளோடு நிற்கும். அதற்கு என்எஃப்டேபிள்ஸில் தனி அட்டவணையில் ஒரு அக்செப்ட் விதி எழுதிப் பார்ப்பார்கள், பலன் இருக்காது. காரணம் இதுதான்: ஒரே கொக்கியில் (பாக்கெட்டைப் பிடித்துச் சோதிக்கும் இடம்) பல அடிப்படைச் சங்கிலிகள் இருந்தால், ஒன்றில் கிடைக்கும் அக்செப்ட் அந்தச் சங்கிலியோடு முடிகிறது, பாக்கெட் அடுத்த சங்கிலிக்கும் போயாக வேண்டும். டிராப் எங்கே கிடைத்தாலும் அதுவே இறுதி. ஐபிடேபிள்ஸ் வழியாக டாக்கர் போட்ட டிராப்பை உங்கள் அட்டவணையால் வெல்ல முடியாது. டாக்கர் இதற்கென்றே விட்டுவைத்திருக்கும் டாக்கர்-யூசர் என்ற சங்கிலியில் உங்கள் அனுமதிகளை எழுதுங்கள். இரண்டு மேலாண்மை முறைகளை ஒரே கணினியில் கலக்காமல் இருந்தால் இந்தத் தலைவலி பாதி குறையும்.

முகவரியும் பெயரும்

டிஎன்எஸ்மாஸ்க் இந்த அளவு நெட்வொர்க்குக்கு அளவெடுத்துத் தைத்த நிரல். மூன்று வரி போதும்: எந்த இடைமுகத்தில் கேட்க வேண்டும், 192.168.50.100 முதல் 192.168.50.200 வரை 12 மணி நேரக் குத்தகைக்கு வழங்கு, பைண்ட்-டைனமிக். கேட்வேயாகவும் டிஎன்எஸ் ஆகவும் தன் முகவரியையே அது இயல்பாக அறிவித்துவிடும்.

மூன்றாவது வரி ஏன்? எதுவும் சொல்லாவிட்டால் டிஎன்எஸ்மாஸ்க் கணினியின் எல்லா முகவரிகளுக்குமாக 53 ஆம் போர்ட்டைப் பிடிக்கப் பார்க்கும். சிஸ்டம்டி-ரிசால்வ்டு என்ற டிஎன்எஸ் சேவை ஏற்கெனவே 127.0.0.53 இல் அதே போர்ட்டில் உட்கார்ந்திருக்கும். "முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில்" என்ற பிழையோடு சேவை விழும். ரிசால்வ்டை அடியோடு முடக்கச் சொல்லும் அறிவுரை நிறைய உலவுகிறது, தேவையில்லை. குறிப்பிட்ட இடைமுகத்தின் முகவரியை மட்டும் பிடிக்கச் சொன்னால் இரண்டும் ஒன்றாக வாழும். பைண்ட்-இன்டர்ஃபேசஸ் என்ற வரியும் இதைச் செய்யும், ஆனால் கணினி எழும் நேரத்தில் உள்பக்க இடைமுகம் இன்னும் தயாராகவில்லை என்றால் சேவை தொடங்காமல் விழும். பைண்ட்-டைனமிக் இடைமுகம் பிறகு வந்தாலும் பிடித்துக்கொள்ளும்.

ஃபயர்வாலின் இன்புட் சங்கிலி மூடியிருந்தால் உள்பக்கத்திலிருந்து யூடிபி 67, யூடிபி 53, டிசிபி 53 மூன்றையும் திறக்க வேண்டும். ஃபார்வர்டு விதிகளை எத்தனை முறை சரிபார்த்தாலும் இது அங்கே தெரியாது, ஏனென்றால் இந்தப் பாக்கெட்டுகள் கடந்து போகிறவை அல்ல, நடுக்கணினிக்கே வருகிறவை. வெளிப்பக்கத்தில் 53 ஐத் திறக்காதீர்கள்; யார் கேட்டாலும் பதில் சொல்லும் டிஎன்எஸ் சேவை பிறர்மீதான தாக்குதலுக்குக் கருவியாகிவிடும்.

உள்பக்க ஸ்விட்சில் பழைய வைஃபை ரவுட்டர் ஒன்றையும் செருகுவதாக இருந்தால், அதன் டிஎச்சிபியை நிறுத்திவிட்டு அதன் லேன் போர்ட்டில் மட்டும் கேபிளைச் செருகுங்கள். இரண்டு டிஎச்சிபி இருந்தால் யார் முதலில் பதில் சொல்கிறார்களோ அவர் கொடுத்ததே முகவரி. ஒரு கருவியில் இணையம் வரும், அடுத்ததில் வராது, மறுநாள் மாறி வரும். இதைவிட நேரத்தைத் தின்னும் கோளாறு வேறில்லை.

சோதிக்கும் வரிசை

பின்னால் இருக்கும் கணினியில் தொடங்குங்கள். அதன் முகவரி என்ன? 169.254 என்று தொடங்கினால் டிஎச்சிபி பதில் வரவில்லை. நாட் பக்கம் போகவே வேண்டாம். சரியான முகவரி இருந்தால் 192.168.50.1 க்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை). அது வந்தால் இணையத்தில் இருக்கும் 1.1.1.1 க்கு பிங். அதுவும் வந்து, தளத்தின் பெயரைச் சொன்னால் மட்டும் வரவில்லை என்றால் குறை டிஎன்எஸ் இல்.

நடுக்கட்டம் நின்றால், அதாவது கேட்வே வரை பிங் போய் 1.1.1.1 வரவில்லை என்றால், ஊகம் செய்வதை விட்டு, பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியை எடுங்கள். நடுக்கணினியில் இரண்டு டெர்மினல். ஒன்றில் உள்பக்கம், மற்றதில் வெளிப்பக்கம், இரண்டிலும் ஐசிஎம்பி (பிங் பயன்படுத்தும் செய்தி வகை) மட்டும் காட்டச் சொல்லுங்கள். உள்ளே வரும் பாக்கெட்டை டிசிபிடம்ப் ஃபயர்வாலுக்கு முன்பும், வெளியே போவதை ஃபயர்வாலுக்குப் பின்பும் காட்டும். அதனால் பார்த்ததை அப்படியே நம்பலாம்.

உள்பக்கத்தில் கோரிக்கை தெரிகிறது, வெளிப்பக்கத்தில் எதுவுமே இல்லை என்றால் கடத்தல் அணைந்திருக்கிறது, அல்லது ஃபார்வர்டு சங்கிலி தடுக்கிறது, அல்லது பாதை வேறெங்கோ போகிறது. வெளிப்பக்கத்தில் தெரிகிறது, ஆனால் அனுப்புநர் முகவரி 192.168.50.20 என்றே இருக்கிறது என்றால் நாட் விதி பொருந்தவில்லை. பெரும்பாலும் இடைமுகப் பெயர் தவறு. முகவரி சரியாக மாறி வெளியே போய், பதிலும் வெளிப்பக்கத்துக்கு வந்து, உள்ளே மட்டும் திரும்பவில்லை என்றால் தொடங்கிய இணைப்பை ஏற்கும் விதி இல்லை, அல்லது ஆர்பி_ஃபில்டர் (பாக்கெட் சரியான இடைமுகத்தில் வந்ததா என்று சோதிக்கும் கர்னல் அமைப்பு) வெட்டுகிறது. இரண்டு இணைய இணைப்புகள் இருக்கும் கணினியில் ஒன்றில் போய் இன்னொன்றில் திரும்பும் பாக்கெட்டை, அந்த அமைப்பு 1 இல் இருந்தால் கர்னல் சத்தமில்லாமல் எறியும். அதை 2 ஆகத் தளர்த்தலாம். "ஆல்" என்பதன் மதிப்பு, இடைமுகத்தின் மதிப்பு இரண்டில் பெரியதே நடைமுறைக்கு வரும் என்பதால், இடைமுகத்தில் மட்டும் 0 எழுதிவிட்டு மாறவில்லையே என்று திகைக்க வேண்டாம்.

ஒரு பொறி பலரையும் பிடிக்கிறது. பின்னால் இருக்கும் கணினியில் பிங்கை ஓடவிட்டுக்கொண்டே நடுவில் நாட் விதியைச் சேர்ப்பார்கள். விதி சரியாகவே இருக்கும், பிங் மட்டும் வராது. நாட் அட்டவணை ஒரு இணைப்பின் முதல் பாக்கெட்டில் மட்டுமே பார்க்கப்படுகிறது. அந்த முடிவே இணைப்பு முழுவதற்கும் நீடிக்கும். ஓடிக்கொண்டிருக்கும் பிங், விதி இல்லாத காலத்தின் பதிவையே புதுப்பித்துக்கொண்டிருக்கும். பிங்கை நிறுத்திவிட்டு அரை நிமிடம் கழித்துத் தொடங்குங்கள், அல்லது இணைப்புப் பதிவுகளைக் கையாளும் கான்ட்ராக் கருவியால் பதிவுகளைக் கழுவிவிடுங்கள். சரியான விதியை இதனாலேயே அழித்துவிட்டு வேறு வழி தேடிப் போனவர்கள் ஏராளம்.

சில தளங்கள் மட்டும் திறக்காதபோது

பிங் போகிறது, தேடுபொறி திறக்கிறது, ஆனால் சில தளங்கள் பாதியில் சுற்றிக்கொண்டே நிற்கின்றன; நடுக்கணினியில் அதே தளங்கள் நன்றாக வருகின்றன. இதைக் கேட்டவுடன் எம்டியூ என்று சொல்லிவிடலாம். எம்டியூ என்பது ஒரே பாக்கெட்டில் போகக்கூடிய உச்ச அளவு, ஈதர்நெட்டில் அது 1500 பைட். பிபிபிஓஇ (பல பிராட்பேண்ட் இணைப்புகள் பயன்படுத்தும் முறை) அதில் 8 பைட்டைத் தன் தலைப்புக்கு எடுத்துக்கொள்வதால் வெளிப்பக்கம் 1492. நடுக்கணினிக்கு அது தெரியும். தன் டிசிபி இணைப்புகளில் எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்டில் ஏற்கும் தரவின் உச்ச அளவு) 1452 என்று சொல்லிவிடும். பின்னால் இருக்கும் கணினியோ தன் கேபிளைப் பார்த்து 1460 என்று சொல்கிறது. தொலைவில் இருக்கும் சர்வர் அதை நம்பி 1500 பைட் பாக்கெட்டுகளை அனுப்ப, வழியில் அது நுழையாது. "பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கு" என்ற ஐசிஎம்பி செய்தி சர்வருக்குப் போய்ச் சேர வேண்டும். நடுவில் யாராவது ஐசிஎம்பியை மொத்தமாகத் தடுத்திருந்தால் அது சேராது. சிறு பாக்கெட்டுகள் போகும், சான்றிதழ் போன்ற பெரியவை மறையும். அதனால்தான் இணைப்பு தொடங்கிப் பாதியில் நிற்கிறது.

உறுதிசெய்ய, பின்னால் இருக்கும் லினக்ஸ் கணினியிலிருந்து துண்டாக்கக் கூடாது என்ற தெரிவோடு பிங் அனுப்புங்கள்: பெரிய எம் தெரிவுக்கு டூ, சின்ன எஸ் தெரிவுக்கு 1472. தலைப்புகளின் 28 பைட்டைச் சேர்த்தால் 1500. இது நின்று, 1464 போனால் பாதை 1492 தான்.

தீர்வு, கடந்து போகும் சின் (டிசிபி இணைப்பைத் தொடங்கும்) பாக்கெட்டுகளில் எம்எஸ்எஸ் மதிப்பைப் பாதையின் அளவுக்குக் குறைப்பது. ஐபிடேபிள்ஸில் டிசிபிஎம்எஸ்எஸ் இலக்கு, பாதை எம்டியூவுக்கு இறுக்கு என்ற தெரிவு. என்எஃப்டேபிள்ஸில் மேக்ஸ்செக் அளவை ரூட் எம்டியூவுக்கு மாற்றும் விதி. தொடங்கிய இணைப்பை ஏற்கும் விதிக்கு மேலே இது இருக்கட்டும். கீழே இருந்தால் திரும்பி வரும் சின்-ஆக் பாக்கெட் இந்த விதியைப் பார்க்காமலே போய்விடும். வயர்கார்டு விபிஎன் சுரங்கத்தின் வழியாகப் பகிர்ந்தாலும் இதே கதை, அதன் எம்டியூ வழக்கமாக 1420. ஐசிஎம்பி முழுவதையும் தடுப்பதை ஒரு பாதுகாப்பாக நினைத்து உங்கள் ஃபயர்வாலிலும் எழுதிவிடாதீர்கள். அந்தப் பழக்கத்தின் விலை இதுதான்.

வைஃபை வரும் இடத்தில்

இணையம் வைஃபையில் வந்து கேபிளில் பகிர வேண்டும் என்றால், இரண்டையும் ஒரே நெட்வொர்க்காக்கும் பிரிட்ஜ் ஆக இணைத்துவிடலாமே என்று தோன்றும். சாதாரண வைஃபை கிளையன்ட் அனுப்பும் சட்டத்தில் (ஃபிரேம்) அதன் சொந்த மேக் முகவரிக்கு மட்டுமே இடம் உண்டு. பின்னால் இருக்கும் இன்னொரு கணினியின் மேக் முகவரியை ஆக்சஸ் பாயின்ட் ஏற்காது. இரு முனையும் நான்கு முகவரி முறையை ஆதரித்தால் ஒழிய பிரிட்ஜ் நடக்காது. கடத்தலும் நாட்டுமே வழி.

வைஃபையிலேயே பகிர்வதானால், "ஐடபிள்யூ லிஸ்ட்" காட்டும் ஆதரவு முறைகளில் ஏபி (ஆக்சஸ் பாயின்ட்) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரே அட்டையில் வாங்கி அதே அட்டையில் கொடுக்க நினைத்தால், அதே வெளியீட்டின் கீழ்ப்பகுதியில் இடைமுகக் கூட்டணிகள் என்ற பிரிவையும் படியுங்கள். சேனல் எண்ணிக்கை 1 என்றிருந்தால் இரண்டும் ஒரே சேனலில் ஓடியாக வேண்டும், வேகமும் பாதியாகும். நோ ஐஆர் (தானாக அலைபரப்பைத் தொடங்கக் கூடாது) என்று குறித்த சேனலில் ஏபி தொடங்காது. ஒரு மலிவான இரண்டாவது யூஎஸ்பி வைஃபை அட்டை இத்தனை தொல்லையையும் முடித்துவிடும்.

மறுதொடக்கத்துக்குப் பிறகு

விதிகள் நினைவகத்தில் மட்டும் இருந்தால் மின்சாரம் போய் வந்தவுடன் எல்லாம் போகும். என்எஃப்டேபிள்ஸ் விதிகளை ஈடிசி அடைவின் என்எஃப்டேபிள்ஸ்.கான்ஃப் கோப்பில் எழுதி அந்தச் சேவையை இயக்கி வையுங்கள். மடிக்கணினியாக இருந்தால் மூடியை மூடினாலும் உறங்காதபடி லாகின்டி அமைப்பில் மூடி ஸ்விட்சுக்கு இக்னோர் என்று எழுதுங்கள். பிறகு வேண்டுமென்றே ஒருமுறை மறுதொடக்கம் செய்து, எதையும் தொடாமல் பின்னால் இருக்கும் கணினியில் இணையம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால்தான் வேலை முடிந்தது.

டோரன்ட் போல ஆயிரக்கணக்கில் இணைப்பு திறக்கும் கருவிகள் இருந்தால் கர்னல் பதிவேட்டில் "டேபிள் ஃபுல்" என்ற கான்ட்ராக் செய்தி வரலாம். அப்போது புது இணைப்புகள் மட்டும் விழும். அதிகபட்ச எண்ணிக்கையை உயர்த்துங்கள். டிசிபி இணைப்பின் பதிவு இயல்பாக 432000 விநாடி, அதாவது 5 நாள், இருக்கும், அதையும் குறைக்கலாம்.

ஐபிவி6 ஐப் பற்றி ஒன்றே ஒன்று. அதன் கடத்தலை இயக்கியவுடன் கர்னல் தன்னை ரவுட்டராகக் கருதி, வெளிப்பக்கத்தில் வரும் ரவுட்டர் அறிவிப்புகளை ஏற்பதை நிறுத்திவிடும். நடுக்கணினியின் சொந்த ஐபிவி6 இணைப்பே சற்று நேரத்தில் காலாவதியாகும். கர்னலே அறிவிப்புகளைக் கையாளும் அமைப்பில், வெளிப்பக்க இடைமுகத்துக்கு அக்செப்ட்_ஆர்ஏ மதிப்பை 2 ஆக்க வேண்டும். சேவை வழங்குநர் முன்னொட்டை (உள்பக்கத்துக்கான ஐபிவி6 முகவரித் தொகுதி) பகிர்ந்தளிக்கிறார் என்றால் முழுமையாகச் செய்யுங்கள். இல்லையென்றால் உள்பக்கத்தில் ஐபிவி6 அறிவிப்பே இல்லாமல் விடுங்கள். முகவரி கிடைத்து வழி மட்டும் இல்லாத அரைகுறை நிலையில், ஒவ்வொரு தளமும் முதலில் ஐபிவி6 ஐ முயன்று தடுமாறும்.

ஒருவர் பெரிய கோப்பை ஏற்றும்போது மற்றவர்களின் அழைப்பு திக்கித் திணறினால், குறை பகிர்வில் இல்லை, மோடத்தின் நீண்ட வரிசையில். லினக்ஸ் 4.19 முதல் கர்னலிலேயே இருக்கும் கேக் என்ற வரிசை முறையை வெளிப்பக்க இடைமுகத்தில் பொருத்துங்கள். ஏற்றும் வேகத்தை அளந்து அதில் 90 சதவீதம் அளவுக்கு வரம்பு வையுங்கள். நாட் என்ற தெரிவையும் சேர்த்துக் கொடுங்கள். இல்லையென்றால் எல்லா இணைப்பும் நடுக்கணினி ஒன்றிலிருந்தே போவதாக அதற்குத் தெரியும், கருவிகளுக்கிடையே சமமாகப் பிரிக்க அதனால் முடியாது. இறக்கும் பக்கத்துக்கு ஐஎஃப்பி என்ற மெய்நிகர் இடைமுகத்துக்குப் போக்குவரத்தைத் திருப்பி அங்கே இதையே செய்யலாம். கோப்பு ஏறிக்கொண்டிருக்கும்போதே 1.1.1.1 க்கு பிங் நேரத்தைப் பாருங்கள். சும்மா இருக்கும் இணைப்பில் வருவதைவிடச் சில மில்லி விநாடிதான் கூட வேண்டும். நூற்றுக்கணக்கில் ஏறினால் வரம்பை இன்னும் 5 சதவீதம் இறக்கிப் பாருங்கள்.